விட்டுப்போன சைபர் வரிகள்

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு சாம்பல் செங்கல் கம்பெனி. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு அங்கே பில் போட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கும் அங்கேதான் வேலை. சாம்பல் ஏற்றிச் செல்லும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் குனிந்து, சிந்திய சாம்பலை வாரிக்கொண்டே இருக்க வேண்டும். சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆனவர்களுக்கு குவார்ட்டர்ஸ், எங்களுக்கு இந்த ஷெட். அவ்வளவுதான்.

பெல்ட் கிளம்புமுன் சங்கு ஊதும். சுவிட்சைத் தட்டினால் முதலில் சங்கு, அது நின்ற பிறகு பெல்ட். அடியில் இருக்கிற ஆள் அதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரானிக் கார்டில் சிப் எரிந்துபோனது. கார்டைச் செய்து கொடுத்த சென்னைக்காரர் புதுச் சிப்பைக் கூரியரில் அனுப்பினார். சிப் காலி. அதில் ஏற்ற வேண்டிய புரோகிராம் மெயிலில் வந்தது.

ஏற்றும் கருவி ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில்தான் ஓடும். அதில் இன்டர்நெட் கிடையாது. வைரஸ் வந்த கோபத்தில் முதலாளி பென் டிரைவ் சொருகும் ஓட்டைகளைப் பசை வைத்து அடைத்துவிட்டார். இப்படிப்பட்ட புத்திசாலிகளிடம்தான் பிழைப்பு. மெயின் பஜார் பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்து வந்தேன். பார்த்து டைப் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

புரோகிராம் என்றாலும் கண்ணுக்குத் தெரிவது எண்ணும் எழுத்தும் கலந்த வரிகள்தான். ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளியில் தொடங்கும். சிப்பில் அந்த வரி எந்த இடத்தில் போய் உட்கார வேண்டும் என்பது முதலில் இருக்கும். பிறகு விஷயம். கடைசியில் அந்த வரியைச் சரிபார்க்க ஒரு எண். ஓர் எழுத்து தப்பினால் கருவி வரியைத் திருப்பிவிடும். ஆனால் வந்த வரியைத்தான் அது சோதிக்கும். வராத வரியைக் கேட்காது.

சூப்பர்வைசர் படிக்க, நான் அடித்தேன். அவர் சுரங்கத்தில் பெர்மனென்டாக இருந்து ரிடையர் ஆனவர்.

"நான் சொல்லிகினே போறேன், நீ அடிச்சிகினே வாம்மா."

"மெதுவா சார். ஆட்டோவுல மைக் கட்டிகினு போற மாதிரி ஓடறீங்க."

விரல் மரத்துப்போனது. ஏற்றினோம். ஒரு தப்பும் காட்டவில்லை. சிப்பைக் கார்டில் மாட்டி, சூப்பர்வைசர் சுவிட்சைத் தட்டினார். சங்கு ஊதியது. ஊதிக்கொண்டே இருந்தது. நிற்கவில்லை, பெல்ட்டும் கிளம்பவில்லை.

முதலாளி போனில் கத்தினார், லாரி காத்திருக்கிறதாம். சூப்பர்வைசர் சங்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கார்டைத் தாண்டி மோட்டாருக்கு நேராக லைன் கொடுத்தார். என் வீட்டுக்காரர் மண்வெட்டியை எடுத்தார்.

"சங்கு இல்லாம அடியில போவாத," என்றேன்.

"நான் போவலன்னா குறிஞ்சிப்பாடில இருந்து வேற ஆளு வருவான்."

"நான் ஒரு சத்தம் குடுக்கறேம்பா," என்றார் சூப்பர்வைசர். "என் தொண்டைக்கு முன்னால சங்கு எம்மாத்திரம்?"

"உங்க வூட்லயே உங்க சத்தம் எடுபடாதுன்னு கேள்விப்பட்டேன் சார்," என்று சொல்லிவிட்டு இவர் குனிந்து உள்ளே போய்விட்டார்.

அந்த பெல்ட் அடிக்கடி சாம்பல் கட்டி சிக்கி நிற்கும், மறுபடி கிளம்பும். ஒவ்வொரு தடவையும் எழுந்து எட்டிப் பார்த்தேன். பிரின்ட்டையும் திரையையும் வைத்து வரி வரியாக ஒப்பிட்டேன். நடுவில் இட எண் தாவியது. சில வரிகளே இல்லை.

"இதெல்லாம் எங்க சார்?"

"அதெல்லாம் வெறும் சைபரும்மா. ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு டைப்பு? உன் கை வலிக்குதேன்னுதான் வுட்டேன்."

என்மேல் இரக்கப்பட்டுச் செய்திருக்கிறார். அந்த இரக்கத்தை என்ன செய்வது? காலி சிப்பில் சைபர் இருக்காது. ஒவ்வொரு இடத்திலும் இருப்பதிலேயே பெரிய எண்தான் நிற்கும். நாம் சைபர் போட்டால்தான் சைபர். சங்கு எவ்வளவு நேரம் ஊத வேண்டும் என்ற எண்ணின் முன்பகுதி அந்தச் சைபர் வரிகளில் இருந்தது. அங்கே சைபருக்குப் பதில் பெரிய எண் நின்றதால் சங்கு முடிவில்லாமல் ஊதியது. இதைச் சொன்னேன்.

"காலின்னா சைபர்தானேம்மா?" என்றார்.

விட்ட வரிகளை அடித்து முடித்துவிட்டுப் போய் பெல்ட்டின் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

"முதலாளி கேட்டா என்னாம்மா சொல்றது?"

"நான்தான் நிறுத்தினேன்னு சொல்லுங்க. லாரி நின்னா நிக்கட்டும்."

சிப்பில் மறுபடி ஏற்றினேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒயர்களைப் பழையபடி மாட்டி, சுவிட்சைத் தட்டினார். சங்கு ஊதியது. பெல்ட்டின் அடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் மண்வெட்டி வந்தது, பிறகு தலை, பிறகு ஆள். சங்கு நின்றது. அதற்கப்புறம்தான் பெல்ட் நகர்ந்தது.

"பாத்தியா, நான் படிச்ச வரியில ஒரு தப்பு கெடையாது," என்றார் சூப்பர்வைசர்.

என் வீட்டுக்காரர் முகமெல்லாம் சாம்பலோடு ஒரு சாக்குமேல் உட்கார்ந்தார். "முதுகு வுட்டுப்போச்சுடி," என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டலாம் என்றுதான் வந்தேன், முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன். பெல்ட்டிலிருந்து சாம்பல் மறுபடி சிந்த ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் மண்வெட்டியைத் தேடினார்.