ஒரு எஞ்சினும் தண்ணீர் குடிக்கக் கூடாது

காருக்கு மூச்சுக் குழாய் மாற்றிக் கொடுக்கும் மெக்கானிக்குக் குளிர்காலம் வந்துவிட்டால் தான் மூச்சுவிட நேரமிருக்காது.

விவரம் தெரியாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குள் காற்று போவதற்காக, காரைச் செய்யும் கம்பெனி பானெட்டுக்கு அடியில் மேல்பக்கமாக ஒரு கறுப்புப் பெட்டியை வைத்து அனுப்புகிறது. அழகில்லாத பெட்டி, ஆனால் சமர்த்து. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, பளபளவென்று ஒரு அலுமினியக் குழாயும் அதன் நுனியில் கூம்பாக ஒரு ஃபில்டரும் பூட்டிக்கொள்வதில் சிலருக்குப் பேரானந்தம். குளிர்ந்த காற்று கிடைக்கட்டும் என்று அந்த ஃபில்டரை முன் பம்பருக்குப் பின்னால், தாழ்வாக வைப்போம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் 'ஹூம்ம்ம்' என்று ஒரு உறுமல் வரும். மறைப்பானேன், எனக்கு அந்த உறுமல் பைத்தியமாகவே பிடிக்கும்.

சிக்கல் மழையில்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நீளும் ஆக்லாந்துக் குளிர்காலத்தில் பனி கொட்டாது. மழைதான், அதுவும் மேலிருந்து மட்டுமில்லாமல் பக்கவாட்டிலும் வரும். தேங்கிய தண்ணீரில் ஃபில்டர் முங்கினால், எஞ்சின் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஒரு மடக்கு போதும், உள்ளே இரும்புத் தண்டுகள் வளைந்து எல்லாம் முடிந்துவிடும். இதை நான் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கையைக் காலை ஆட்டிச் சொல்வேன். "இப்படிச் செய்யாதீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் அதை வேறு எப்படிச் செய்யப் போகிறாரோ என்று காத்திருந்த அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், வாருங்கள், நாம் ஒரே கட்சி.

கடிதத்துக்கு ஒரு கண்டிஷன்

நான் வேலை பார்த்தது ஆக்லாந்தின் மனுரேவாவில், சிவபாலன் அண்ணனின் ஒர்க்‌ஷாப்பில். அண்ணன் யாழ்ப்பாணம், நான் கோயம்புத்தூர். மொத்த ஒர்க்‌ஷாப்பும் நாங்கள் இரண்டு பேர்தான். 2015-ஆம் வருடம் செப்டம்பரில் என் விசா முடிவதாக இருந்தது. புதுப்பிக்க வேண்டுமென்றால், 'இந்தக் கடைக்கு இன்னொரு மெக்கானிக் கட்டாயம் தேவை' என்று முதலாளி கடிதம் தர வேண்டும். கடிதம் இல்லையென்றால் நானும் என் மனைவி செல்வியும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

நல்ல நேரம் பார்த்து, ஜூன் மாதம் டீயும் கையுமாகப் போய்க் கேட்டேன். அண்ணன் பிரேக், ஆயில், டயர் என்று ஒழுங்கான வேலைகளைப் பார்க்கிறவர். குழாய் வேலை முழுக்க என்னுடையது, நான் ஆரம்பித்தது. அவருக்கு அது அறவே பிடிக்காது. டீயை ஒரு வாய் குடித்தார். நான் மாட்டியிருந்த குழாய்களின் பட்டியல் சுவரில் இருந்தது, அதை ஒருமுறை பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்:

"தம்பி, இந்த விண்டர் முடியுமட்டும் உம்மடை குழாயாலை ஒரு எஞ்சினும் தண்ணி குடிக்கக் கூடாது. ஒண்டு குடிச்சாலும் கடிதம் இல்லை, விளங்குதோ?"

மூடி வைத்த மூச்சு

விளங்காமல் என்ன! அன்றே எல்லா வாடிக்கையாளருக்கும் போன் போட்டேன். "மழை நேரத்துல ஃபில்டருக்கு ஒரு உறை மாட்டிக்குங்க" என்றேன். காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கிற துணி உறை இருக்கிறது, அதைத்தான் சொன்னேன். மாசி என்ற புறநகரில் இருக்கும் மோகன், மலேசியாக்காரர், கணக்காளர், மிகவும் கவனமானவர். "கவலப்படாதீங்க அண்ணே, இன்னைக்கே போட்டுர்றேன் லா" என்றார்.

இரண்டு நாள் கழித்து அவர் கார் மோட்டார்வேயில் ஒவ்வொரு ஏற்றத்திலும் திணறித் திணறி, பின்னால் கறுப்புப் புகையை விட்டுக்கொண்டு வந்து நின்றது. பானெட்டைத் திறந்து கீழே குனிந்து பார்த்தேன். ஃபில்டரின் தலையில், ஏதோ மோட்டலில் கொடுத்த பிளாஸ்டிக் ஷவர் கேப். அதற்கு மேல் மூன்று ரப்பர் பேண்ட். எஞ்சின் இழுத்த இழுப்பில் கேப் ஃபில்டரோடு தோலாக ஒட்டிப்போயிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. காற்றும் போகவில்லை.

"சார், இப்படி மூடினா வண்டி எப்படி சார் மூச்சு விடும்?" என்று கேட்டேன். காரை 'காடி' என்கிற அந்த மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

"மூடுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க அண்ணே! காடிக்கு மூச்சு வேணும்னு தனியா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் லா!"

சனிக்கிழமை எண்ணெய்

குழாயோடு வரும் பஞ்சு ஃபில்டரை அவ்வப்போது கழுவிக் காயவைத்து, லேசாக எண்ணெய் தடவ வேண்டும். தூசி அந்த எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். அதற்கென்று சிவப்பு நிறத்தில் ஒரு எண்ணெய் சின்ன பாட்டிலில் வருகிறது. மதுரைக்காரர் மீனாட்சிசுந்தரத்திடம் இதையெல்லாம் விளக்கினேன். பாட்டிலைக் கொடுக்க மட்டும் மறந்துவிட்டேன்.

ஜூலையில் ஒரு நாள் எஞ்சின் லைட் எரிகிறது, வண்டி இருமுகிறது என்று வந்தார். பானெட்டைத் திறந்ததும் வந்த வாசனையில் எனக்கு வயிறு பசித்தது. பின்னால் இருந்து அண்ணன், "ஆர் இஞ்சை இட்லிப் பொடி குழைக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். மீனாட்சிசுந்தரம் அரை பாட்டில் நல்லெண்ணெயை ஃபில்டரில் தேய்த்து ஊறவிட்டிருந்தார். அது வழிந்து, உள்ளே காற்றை அளக்கிற சென்சாரைக் குளிப்பாட்டியிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் கடிதம் கிழிவது தெரிந்தது. "அண்ணா, குடிச்சது எண்ணெய்தான், தண்ணி இல்லை!" என்று அவசரமாக வாதாடினேன். அவர் கொஞ்சம் யோசித்து, கண்டிஷனில் எண்ணெயைப் பற்றிப் பேச்சில்லை என்று பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார்.

சென்சாரை ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்து, புது ஃபில்டர் போட்டுக் கொடுத்தேன். "ஏங்க, வண்டிக்குப் போய் நல்லெண்ணெயா?" என்றேன். அவருக்குத்தான் என்மேல் வருத்தம்.

"சனிக்கிழமையாப் பார்த்து, நல்லா சூடு பறக்கத்தான் தம்பி தேச்சேன். அதுக்கப்புறமும் இதுக்கு எப்படிப்பா சளி பிடிக்கும்?"

ஓசி வாடிக்கையாளர்

செல்விக்கு வேலை புக்கெகோஹியில், வெங்காயம் பேக் செய்கிற ஷெட்டில். எங்கள் காரிலும் குழாய் பூட்டியிருந்தேன், பூட்டாமல் இருப்பேனா? ஒரு நாள் அவள், வண்டி முன்னைப்போல் இழுக்கவில்லை என்றாள். பம்பரைக் கழற்றிப் பார்த்தால் ஃபில்டரையே காணவில்லை, வெங்காயத் தோல்தான் தெரிந்தது. ஷெட்டுக்குப் பின்னால், காற்று வீசுகிற பக்கமாக நாள் முழுக்க நிறுத்தியிருக்கிறாள். ஒர்க்‌ஷாப் வாசலில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு தோலாக முக்கால் மணி நேரம் உரித்தேன். அவள் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தாள்.

"ஏனுங்க, வீட்டுல ஒரு நாளாச்சும் இவ்வளவு பொறுமையா வெங்காயம் உரிச்சிருக்கீங்களா?"

அகப்பை ஆழம்

என் பிரசங்கத்தைக் கேட்டவர்களிலேயே அதிகமாகப் பயந்தவர் தர்ஷினி. யாழ்ப்பாணத்துப் பெண், நர்ஸ். குழாய் ஆசை அவர் கணவருக்கு. ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அந்தக் காரில் வேலைக்குப் போகிறவர் அவர். தண்ணீர் சாணுக்கு மேல் இருந்தால் இறங்காதீர்கள் என்று நான் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். காரில் ஒரு நீள அகப்பை வைத்திருந்தார். அதன் காம்பில் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு. ரோட்டில் தண்ணீர் தேங்கியிருந்தால் காரை ஓரமாக நிறுத்தி, குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அகப்பையை விட்டு ஆழம் பார்ப்பார். சந்தேகம் வந்தால் எனக்கு வீடியோ கால்.

"அண்ணா, கோட்டுக்கு ஒரு நூல் கீழை நிக்குது. போகலாமோ, திரும்பட்டோ?"

ஆகஸ்டில் ஒரு நாளைக்கு நான்கு கால் வரும். ஆயில் மாற்றுகிற கையோடு போனை எடுத்து, குட்டைகளைப் பார்த்து ஆசி வழங்குவேன். ஒரு காலை, தர்ஷினி அகப்பையும் குடையுமாகக் கீழே நிற்க, போன் காருக்குள் இருந்த அவருடைய ஏழு வயது மகளின் கையில் இருந்தது. குட்டையை 'படில்' என்கிற அந்தக் குழந்தை ஸ்கிரீனுக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுவந்து, ரகசியமாகக் கேட்டது:

"அங்கிள், வீ ஆர் லேட் எவ்ரிடே. கேன் யூ ப்ளீஸ் டெல் அம்மா இட்ஸ் ஒன்லி எ படில்?"

பாலத்தடியில் ஒரு சனிக்கிழமை

ஆகஸ்டின் கடைசிச் சனிக்கிழமை. இன்னும் ஒரு சில நாள், அதற்குப் பிறகு கடிதம். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நாள் நெருங்க நெருங்கத் தூக்கம் போய்விட்டதால், எல்லா ஃபில்டரையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் நிம்மதி என்று, வாடிக்கையாளர்களை ஒர்க்‌ஷாப்புக்கு இலவசச் சோதனைக்கு அழைத்திருந்தேன். அன்றைக்கென்று பார்த்து, விடிந்ததிலிருந்து கொட்டு கொட்டென்று கொட்டியது. எங்கள் கடைக்கு வரும் வழியில் ரயில் பாலத்துக்கு அடியில் ரோடு தாழும். அங்கே தண்ணீர் குளமாகிவிட்டது.

பத்து மணிக்குத் தர்ஷினி கூப்பிட்டார். "அண்ணா, அகப்பை முழுக்கத் தாண்டு போச்சுது!" அவருக்குப் பின்னால் மோகன், மோகனுக்குப் பின்னால் மீனாட்சிசுந்தரம். மூன்று பேரும் அக்கரையில் வரிசையாக நின்றார்கள், பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்துத் தீர்த்தார்கள். என் குழாய்கள் மூன்று, தண்ணீருக்கு ஒரு பத்தடி தள்ளி. "யாரும் இறங்காதீங்க, அப்படியே திரும்பிப் போயிருங்க!" என்று கத்தினேன்.

அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பயந்தாங்கொள்ளியள்! கம்பெனிக்காரன் வைச்ச பெட்டியோடை இருந்தா இந்த வில்லங்கம் வருமே? ஏறும் என்ரை வானுக்குள்ளை. நான் அந்தப் பக்கம் போய்க் கூட்டிக்கொண்டு வாறன், அவையள் என்ரை பின்னாலை வரட்டும்." அவருடைய வேனில் எல்லாமே கம்பெனி கொடுத்தபடி. ஒரு திருகாணியைக்கூட மாற்றியதில்லை என்று பெருமையாகச் சொல்வார். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஒரு கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மறு கையில் போனைப் பிடித்து, "அண்ணன் பின்னால யாரும் வராதீங்க, சத்தியமா வராதீங்க" என்று தர்ஷினியிடம் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். அண்ணன் வேகத்தைக் குறைக்கவேயில்லை. தண்ணீர் பம்பரைத் தாண்டியது, பானெட்டின் மேல் ஏறியது, கண்ணாடியில் வந்து அடித்தது. பாலத்துக்கு நட்டநடுவில் 'டொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், வேன் நின்றுவிட்டது.

அண்ணன் சாவியைத் திருகினார். ஒன்றுமில்லை. மறுபடி திருகப் போன கையை நான் பிடித்துக்கொண்டேன், எஞ்சின் வயிறு முட்டக் குடித்திருந்தது. கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து எங்கள் பூட்ஸை நிறைத்தது. அக்கரையில் என் வாடிக்கையாளர்கள் மூன்று பேரும் குடை பிடித்துக்கொண்டு நின்று, எங்களையே பார்த்தார்கள். மோகன் போட்டோ எடுத்தார். மூன்று கார்களும் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் போகாமல் மேட்டில் நின்றன. சிரிக்கவும் கூடாது, அழவும் கூடாது. எனக்கோ தொண்டை வரைக்கும் சிரிப்பு வந்து நின்றது, கூடவே என் கடிதம் என்ன ஆகுமோ என்ற பயமும்.

அந்த எஞ்சினை முழுசாகப் பிரித்துக் கட்ட வேண்டும், தனி ஆளால் ஆகிற வேலை இல்லை. அது அண்ணனுக்கும் தெரிந்திருந்தது. சாவியை உருவிக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்:

"திங்கட்கிழமை கடிதம் தாறன் தம்பி. இவ்வளவு நாளும் எழுதினா பொய்யாப் போகும் எண்டு யோசிச்சன், இப்ப உண்மையாவே எனக்கு இன்னொரு மெக்கானிக் தேவைப்படுது."

மொத்தத்தில், அந்தக் குளிர்காலத்தில் மனுரேவா வட்டாரத்து எஞ்சின்களைக் காப்பாற்றியதில் நான் பூட்டிய குழாய்களுக்குப் பங்கு ஒன்றுமில்லை, நான் எல்லோர் வயிற்றிலும் கரைத்த புளிக்குத்தான் அந்தப் புகழெல்லாம்.