வேலியின் மேல் ஒரு சாப்பாட்டுக் கூடம்

நாற்பத்து மூன்றாவது வயதில்தான் அவளுக்குச் சொந்தமாக ஒரு கட்டடம் வாய்த்தது. அதுவரை ஒரு பெரிய அலுவலகத்தின் மூலை மேசையில் உட்கார்ந்து, அடுத்தவர் கையெழுத்துப் போடும் வரைபடங்களில் மாடிப்படியும் கழிவறையும் வரைந்துகொண்டிருந்தாள். வந்த வாய்ப்பு, திராட்சைத் தோட்டத்து ஆட்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கூடம். சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டுக் கிளம்பினாள். அளவு நாடாவும் கையுமாகக் கொடிகளுக்கு நடுவே ஓயாமல் நடந்தவளுக்கு முதல் வாரத்திலேயே கொத்தனார் ‘டேப்பக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்.

தோட்டம் ஒரு அண்ணன் தம்பியுடையது. அப்பா கண்ணை மூடியதும் நடுவில் கம்பி வேலி போட்டார்கள். பேச்சும் அத்தோடு நின்றது. ஆனால் பழம் பறிக்க வருவது ஒரே கூட்டம். இன்றைக்கு அண்ணன் பக்கம், நாளைக்குத் தம்பி பக்கம். போன அறுவடையில் தட்டில் மழை விழ, டிராக்டர் பெட்டிக்கு அடியில் புகுந்து சாப்பிட்டார்கள். கூரை போடாவிட்டால் அடுத்த அறுவடைக்கு ஒருத்தர்கூட எட்டிப்பார்க்க மாட்டோம் என்று கூட்டத்தின் தலைவி வேலியின் இரண்டு பக்கமும் போய்ச் சொல்லிவிட்டாள். வேறு வழியில்லாமல் இருவரும் தலையாட்டினார்கள்.

அவள் கூடத்தை வேலிக்குக் குறுக்கே நீளவாட்டில் வரைந்தாள். கிணறு அண்ணன் பக்கம், அதனால் சமையலறை அங்கே. சாலை தம்பி பக்கம், அதனால் வாசல் இங்கே. வாசலுக்கு வெளியே வரிசையாகக் கைகழுவும் தொட்டிகள். பழம் பறித்த கை பிசுபிசுக்கும். கழுவாமல் உள்ளே போனால் குளவியும் பந்திக்கு வந்துவிடும்.

பெரியவர் வாசலும் தன் பக்கம் வேண்டும் என்றார். சின்னவர் சமையலறையும் தன் பக்கம் வேண்டும் என்றார். அவன் இறங்கிவரட்டும், நான் பார்க்கிறேன் என்று பெரியவர். அவர் இறங்கட்டும் என்று சின்னவர். முகத்தில் முழிக்கக் கூடாதென்று பெரியவர் காலையில் வருவார், சின்னவர் மதியத்துக்கு மேல். நடுவில் அவள் பந்தாக உருண்டாள். வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம் பரப்பிக் கிடக்க, தட்டை மடியில் வைத்துக்கொண்டு கணவன் கேட்டான்:

“நீ கட்டடம் வரையிறியா, சம்பந்தம் பேசுறியா?”

ஒரு நாள் பொறுமை கழன்றது. தம்பி சமையலறையை விட்டுக்கொடுத்துவிட்டார், வாசலை மட்டும்தான் கேட்கிறார் என்று காலையில் பெரியவரிடம் சொன்னாள். “அவனா?” என்று பெரியவர் இரண்டு முறை கேட்டார். பிறகு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், சரி என்றார். மதியம் சின்னவரிடம், அண்ணன் தானாகவே முதலில் இறங்கிவந்தார் என்றாள். காலையில் சொன்னது முழுப்பொய். மதியம் சொன்னதில் ‘தானாகவே முதலில்’ மட்டும் பொய். வரைபடத்தில் இரண்டு கையெழுத்தும் விழுந்தன. இருவரும் சேர்ந்து நிற்கவே போவதில்லை, யார் யாரைக் கேட்கப்போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் போடும் நாளில் கலவை லாரி காலையில் வரவேண்டியது, மதியம் தாண்டி வந்தது. கண்ணால் பார்க்காமல் போகமாட்டேன் என்று பெரியவர் குழியோரம் நின்றுவிட்டார். லாரி பின்பக்கமாகத் திரும்பும்போது அதன் பின்னால் சின்னவரின் பைக் வந்தது.

கிணற்று மோட்டாரைப் பார்க்கலாம் வாருங்கள் என்று பெரியவரைக் கூப்பிட்டாள். அப்புறம் பார்க்கலாம் என்றார். கூடத்துக்காக வேலியை வெட்டியிருந்த இடம் வழியாகச் சின்னவர் நேராக வந்தார். அண்ணன் முகத்தைப் பார்க்காமல், குழிக்குள் நின்ற கம்பிகளைப் பார்த்துச் சொன்னார்:

“நீங்க முதல்ல விட்டுக்கொடுப்பீங்கன்னு நான் நினைக்கலைண்ணே.”

“நான் எங்கடா முதல்ல விட்டேன்? முதல்ல விட்டது நீதானே?”

இருவரும் அவள் பக்கம் திரும்பினார்கள். லாரியின் டிரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கொத்தனார் துடைத்த கரண்டியையே மறுபடி துடைத்தார். மூன்றாவதாக ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

“ரெண்டு பேருமே முதல்ல விடலைங்க. நான்தான் அப்படிச் சொன்னேன்.”

சின்னவர் குழியைத் தாண்டிப் போய், கலவை இறங்காதபடி லாரியை மறித்து நின்றார். இன்றைக்கு அஸ்திவாரம் போடாவிட்டால் அறுவடைக்குள் கூரை ஏறாது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். லாரிக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“ஊத்துறதா, திரும்பிப் போறதா? உள்ளயே இறுகிச்சுன்னா நீங்கதான் உளியும் சுத்தியலும் எடுத்துட்டு டிரம்முக்குள்ள இறங்கணும்.”

பெரியவர் தம்பியைப் பார்த்தார்.

“ஊத்தச் சொல்லட்டுமாடா?”

“சொல்லுங்க. கூடம் நமக்கு வேணும். ஆனா இந்தம்மா இனிமே வேணாம்ணே.”

“அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.”

அப்பா போன பிறகு அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

ஊற்றி முடிக்கும்வரை நிற்கிறேன், மட்டம் தப்பினால் தூண் சாய்ந்துவிடும் என்றாள். நில் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நின்றாள். சாம்பல் குழம்பு சரிந்து இறங்க, கொத்தனாரோடு குழி குழியாக மட்டம் பார்த்தாள். கடைசிக் குழியில் கொத்தனார் குனிந்தவாக்கில், “தொட்டியெல்லாம் நீங்க போட்ட இடத்துலயேதான் வைப்பேன் டேப்பக்கா,” என்றார்.

வீட்டில் கணவன் நிமிர்ந்து பார்த்தான்.

“என்னாச்சு?”

“சேர்ந்துட்டாங்க.”

“நீ?”

“வெளியே.”

அவன் மேசையிலிருந்த வரைபடத்தைச் சுருட்டி, அவளுக்கும் ஒரு தட்டு வைத்தான்.

இரும்புத் தூண்கள் திங்கட்கிழமை தோட்டத்துக்கு வருகின்றன. இறக்கும்போது அண்ணனும் தம்பியும் இருப்பார்கள். அதே நாள் காலை அவள் பழைய அலுவலகத்தின் மூலை மேசைக்குத் திரும்புகிறாள்.