முத்தையா அண்ணன் நடத்திய கடற்போர்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று போன பொங்கலுக்கே நான் சொல்லிவிட்டேன். முத்தையா அண்ணன் படுக்கையில் கிடந்து போகிற ஆள் இல்லை. பட்டப்பகலில், நாற்காலியில் உட்கார்ந்து, கையில் மவுஸோடு, நடுக்கடலில்தான் போவார் என்று எங்கள் பிளாக் பிள்ளையார் கோயில் வாசலில் வைத்துச் சொன்னேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். இப்போது அவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

செய்தி வந்தபோது குள்ளஞ்சாவடி கூட்டுரோட்டில் பலாப்பழம் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டின சத்தத்தை வைத்தே உள்ளே எத்தனை சுளை என்று சொல்கிற ஆள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான். நாற்பத்திரண்டு என்று சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. செண்பகம் அண்ணி. டவுன்ஷிப்பில் கணக்கு டீச்சராக இருப்பவர். பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்திருக்கிறார். "தம்பி, ஒங்க அண்ணன் எந்திக்க மாட்டேங்காக. கொஞ்சம் வாங்க" என்றார். குரலில் அழுகை இல்லை. வகுப்பில் கணக்கு சொல்வதுபோல் சொன்னார். அதுதான் என்னைக் கலக்கிவிட்டது. வண்டியில் நான் வந்த வேகத்துக்கு வழியில் இருந்த முந்திரி மரங்கள் எல்லாம் ஒரே சுவராகத் தெரிந்தன.

மூன்றாம் நாள் கூட்டம் கலைந்த பிறகு அண்ணி என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அன்னைக்கு அவுக தனியாவா தம்பி இருந்தாக?"

"இல்ல அண்ணி. மூணு மணி வரைக்கும் நான் கூடத்தான் இருந்தன். சிரிச்சிகினுதான் இருந்தாரு" என்றேன்.

அண்ணி கண்ணை மூடித் தலையசைத்தார். அதற்குப் பிறகுதான் ஒரு வாய் சோறு சாப்பிட்டார் என்று அவருடைய தங்கை சொன்னார். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அண்ணி அதையே சொல்கிறார்: கலியமூர்த்தி தம்பி பக்கத்தில் இருந்தாங்க, சிரித்த முகமாகத்தான் போயிருக்காக. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வீடு இப்போது எழுந்து நடமாடுகிறது. அந்தக் கடைசி மத்தியானத்தை விவரமாக எழுதிக் கொடுங்கள், பதினாறாம் நாள் வருகிறவர்களுக்கு அச்சடித்துக் கொடுக்கலாம் என்று அண்ணி கேட்டுக்கொண்டார். எட்டாவது தாண்டாதவனிடம் எழுதச் சொல்கிறார்களே என்று சிலர் நினைக்கலாம். அந்த எட்டாவதிலேயே என் கட்டுரையைப் படித்துவிட்டுத் தலைமை ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அதைப் பார்த்த சாட்சிகள் இப்போது உயிரோடு இல்லை, அவ்வளவுதான்.

அண்ணன் கோவில்பட்டிப் பக்கம். கிணற்றில் தண்ணீர் பார்ப்பதே அபூர்வமான ஊரிலிருந்து வந்தவருக்கு இங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் கொடுத்த வேலை தண்ணீர் இறைப்பது. நம் சுரங்கத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. ராவும் பகலும் பம்ப் ஓடினால்தான் மைன்ஸ், நின்றால் ஏரி. நான் கரி ஏற்றுகிற கன்வேயர் பெல்ட்டில் இருந்தேன், அவர் பம்பில். "நெலக்கரி எங்கயும் ஓடிப் போயிறாது கலியா, தண்ணிதான் ஓடி வந்துரும்" என்பார். ஒரு மழைக்காலத்தில் அடுத்தடுத்து மூன்று பம்ப் நின்றுபோக, கழுத்தளவுத் தண்ணீரில் நின்று அவர் அவற்றை ஓட வைத்தார். முழங்கால் அளவுதான் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் அன்றைக்கு லீவு போட்டவர்கள். அன்று ரிலீவர் வரவில்லை. பம்ப் ஆட்களிடம் ஒரு வழக்கம்: அடுத்த ஷிப்டுக்காரன் வந்து சார்ஜ் எடுத்துக்கொள்கிற வரை இடத்தை விட்டு அசையக்கூடாது. அண்ணன் மூன்று ஷிப்டு அங்கேயே இருந்தார். அவர் மட்டும் இல்லை என்றால் கரண்ட் நின்று தமிழ்நாடே இருட்டாகியிருக்கும். இதை நான் மந்திரி ஒருவரிடமே நேரில் சொல்லியிருக்கிறேன்.

அவர் ரிடையர் ஆன வருஷம் மகள் கயல் வேலை கிடைத்துப் புனே போனாள். வீட்டில் அவளுடைய கம்ப்யூட்டர் மிஞ்சியது. அதில் ஒரு கடற்போர் கேம் இருந்தது. பெயர் இங்கிலீஷில் நீளம். என் வாயில் நுழையாது. மற்ற கேம் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு சுடுகிற வேலை இல்லை. மேலே இருந்து பார்த்தால் கடல் வரைபடமாக விரியும். எந்தக் கப்பல் எங்கே போக வேண்டும், எந்த விமானம் எப்போது கிளம்ப வேண்டும் என்று உத்தரவு போட வேண்டும். வேண்டுமென்றால் எந்தக் கப்பலிலும் நாமே இறங்கி பீரங்கியைப் பிடிக்கலாம். இவன் யோசித்து முடிக்கட்டும் என்று எதிரி காத்திருக்க மாட்டான். நாம் ஒரு மூலையைப் பார்க்கும்போது அவன் இன்னொரு மூலையில் அடிப்பான். அண்ணன் மவுஸில் வரைபடம், நான் கேம் ஆடுகிற கைப்பிடியில் பீரங்கி என்று பிரித்துக்கொண்டோம். நான் கைப்பிடியைத் தொட்ட முதல் நாளே பதினேழு விமானத்தை வீழ்த்தினேன். அதில் இரண்டு நம்முடையவை.

எனக்கு முதல் ஷிப்டு இருக்கிற வாரமெல்லாம், வேலை முடித்து இரண்டரைக்கு அவர் குவார்ட்டர்ஸுக்குப் போய்விடுவேன். செருப்பைக் கழற்றுவதற்குள் ஒப்பிக்க ஆரம்பிப்பார்: பெரிய கப்பலில் பின்பக்கம் அடிபட்டிருக்கிறது, எண்ணெய்ப் படகு பத்திரம், வடக்கே இரண்டு நீர்மூழ்கி. முழுக்கக் கேட்டுவிட்டு, "சார்ஜ் எடுத்தாச்சு" என்று நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் கைப்பிடி கைக்கு வரும். ஒருநாள் சும்மா தலையை ஆட்டினேன். "தலையாட்டுனா பம்பு ஓடுமாடே" என்று கேட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஒப்பித்தார்.

பெரிய போர்க்கப்பலுக்கு அவர் வைத்த பெயர் செண்பகம். அண்ணி ஒருநாள் காப்பி கொண்டுவந்தவர் நின்று பார்த்தார். கப்பல் பற்றி எரிந்துகொண்டிருந்தது. "எம் பேர வச்சு ஏன் இந்தப் பாடு படுத்துதீக?" என்றார். அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முங்க விட மாட்டேன், போ" என்றார். முப்பது வருஷத்தில் அவர் சொன்ன ஒரே காதல் வசனம் அதுதான் என்று அண்ணி இப்போது சொல்கிறார்.

இத்தனை கடலை ஆண்டவர், நிஜக் கடலில் காலை நனைத்ததில்லை. ஒருமுறை வம்படியாகக் கடலூர் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். நான் நெடுந்தூரம் நீந்திப் போய், படகுக்காரர்கள் கும்பிட்டுத் திருப்பி அனுப்பியதால் திரும்பி வந்தேன். அண்ணன் மணலில் பேன்ட்டைக்கூட மடிக்காமல் நின்றிருந்தார். என்ன யோசனை என்று கேட்டேன். "இத எறைக்கணும்னா எத்தன பம்பு வேணும்னு பாத்தேன். கட்டுப்படியாகாது" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டார். அந்த வாய் லேசாகத் திறந்த முகம் எனக்கு இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு அந்த மணலில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம் என்று தோன்றுகிறது.

கேமில் கடைசித் தீவு என்று ஒன்று உண்டு. அதைப் பிடித்தால் போர் முடிந்தது. எட்டு மாதமாக அதில் தோற்றோம். காரணம் ஒன்றே. கப்பல் அடிபட்டால், உள்ளே இருக்கிற ஆட்களை நாம்தான் பிரித்து அனுப்ப வேண்டும்: பீரங்கிக்கு இத்தனை பேர், தீயணைக்க இத்தனை பேர், தண்ணீர் இறைக்க இத்தனை பேர். உலகத்தில் இந்தக் கேமை ஆடுகிற அத்தனை பேரும் அப்போது பீரங்கிக்குத்தான் ஆள் போடுவார்கள். அண்ணன் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறினாலும் மொத்த ஆளையும் பம்புக்கு அனுப்பிவிடுவார். எதிரி எதிரே நிற்பான். என் பீரங்கியில் குண்டு போட ஆள் இருக்காது.

அவர் போவதற்கு முந்தின நாள் தீவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எதிரியிடம் மிச்சம் ஒரே கப்பல்.

"அண்ணே, பீரங்கிக்கு ஆள் வுடுங்க. கண்ணெதிர நிக்கிறான்."

"தண்ணி ஏறுது கலியா."

"ஏறட்டும். முழுவறதுக்குள்ள அவன முடிச்சிடலாம்."

"தண்ணி ஏறுதுன்னு தெரிஞ்சுக்கிட்டே ஆள எடுக்கச் சொல்லுதியா? உள்ள இருக்கவன் என்ன ஆவான்?"

உள்ளே எவனும் இல்லை, அது பொம்மை என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. செண்பகம் அழகாக மிதந்தது. தீவு போய்விட்டது. "தோத்தாலும் கப்பல் மெதக்குல்லா" என்றார் சந்தோஷமாக.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "நீங்க கடைசி வரைக்கும் பம்ப் ஆப்பரேட்டர்தாண்ணே. உங்களால தளபதியெல்லாம் ஆவ முடியாது" என்றேன். வாழ்நாள் முழுக்க அவர் எதைப் பெருமையாக நினைத்தாரோ அதையே எடுத்து அவர் முகத்தில் எறிந்தேன். அவர் சிரித்தார். ஆனால் அது கொஞ்சம் தாமதமாக வந்த சிரிப்பு. "நாளைக்கு வாறியா?" என்று கேட்டார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

மறுநாள் மத்தியானம் நான் போனேன். வாசலிலேயே மன்னிப்புக் கேட்டேன். அண்ணன் எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். நிலவரம் ஒப்பித்தார், நான் சார்ஜ் எடுத்துக்கொண்டேன். அரை மணி நேரத்தில் எதிரிக் கப்பலை நான் இரண்டாகப் பிளந்தேன். தீவில் நம் கொடி ஏறியது. அண்ணன் குழந்தை மாதிரி கைதட்டினார். மூன்று மணிக்கு நான் கிளம்பும்போது, "இனி எந்தச் சண்டை இருக்கு, நிம்மதியாப் போ" என்றார். அண்ணி கேட்டுக்கொண்ட கடைசி மத்தியானம் இதுதான். இங்கே வரைக்கும் எழுதி, அச்சுக்குக் கொடுக்கலாம் என்று மடித்தும் வைத்துவிட்டேன்.

அப்புறம் நேற்று அண்ணி அந்தக் கம்ப்யூட்டரை ஆளை வைத்து என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கூட இருந்தவர்களிடம் இருக்கட்டும் என்று கயலும் சொன்னாளாம். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இப்போது அதுவும், யார் என்ன சொன்னாலும் முழுக்கக் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிற பழக்கமும்தான். பெருமையடிக்க எனக்கு எவ்வளவோ இருக்கிறது. ஆனால் இரண்டரை மணி ஆனால் எங்கே போவது என்று மட்டும் தெரியவில்லை. வண்டி தானாகவே அந்தத் தெருவுக்குத் திரும்புகிறது.

கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தேன். அவர் சேமித்து வைத்திருந்த கடைசிச் சண்டை அப்படியே இருந்தது. தேதி அவர் போன நாள், நேரம் இரண்டு நாற்பது. தீவை யாரும் பிடிக்கவில்லை. செண்பகத்துக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பம்பில் ஒரு ஆள்கூட இல்லை. மொத்தப் பேரையும் அண்ணன் என் பீரங்கிக்கு அனுப்பியிருந்தார்.

பலாச்சுளையில், விமானத்தில், மந்திரியில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். அதை எல்லோரும் மன்னித்துவிடுவீர்கள். அந்தக் கடைசி மத்தியானத்தை மட்டும் முழுக்க நானே கட்டினேன். ரோஷத்தில் நான் அன்றைக்குப் போகவில்லை, அண்ணி. அவர் தனியாகத்தான் இருந்தார். சண்டையை நிறுத்தி வைத்துவிட்டு, நான் வருவேன் என்று உட்கார்ந்திருந்தார்.