வீட்டில் எல்லாரும் சுகம்

குத்புதீனுக்கு நாற்பத்தைந்து வயசு முடிய இருபத்தெட்டு நாள்தான் இருந்தது. நாற்பத்தைந்தைத் தாண்டிய ஆளை எடுப்பதில்லை என்று, இன்டர்வியூ வைத்து ஆள் எடுக்க வருகிற குவைத் கம்பெனிக்காரன் சட்டம் போட்டிருந்தான். பதினேழு வருஷம் வளைகுடாவில் ஏசி பிளான்ட் ஓட்டிய மனுஷர் அவர். ஊரில் அந்தத் தொழில் கோடை மூன்று மாசம் சோறு போடும். மிச்ச ஒன்பது மாசம் வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். மகள் ஆலியாவுக்குக் காலேஜ் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. இந்த இன்டர்வியூவும் கைநழுவிப் போனால் அவருக்கு வேறு கதி கிடையாது.

மலைக்கோட்டைக்குக் கீழே, ஜவுளிக்கடைகளுக்குப் பின்சந்தில் வீடு. ஆலியா போனில் தேடித் தேடி, இன்டர்வியூவில் வழக்கமாகக் கேட்கிற இருபது கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டாள். சாயங்காலமானால் அத்தாவை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே கட்டிலில் தான் உட்கார்ந்து அதிகாரி மாதிரி கேட்பாள்.

“உங்களைப் பத்தி சொல்லுங்க.”

என்னத்தைச் சொல்வார், பாவம்! இத்தனை வருஷத்தில் அவரைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்டதே கிடையாது. “பேரு குத்புதீன். ஏசி மெக்கானிக்” என்று சொல்லிவிட்டு மகள் முகத்தைப் பார்த்தார்.

“அவ்வளவுதானா? சரி, உங்க பலவீனம் என்ன?”

“மாடிப்படி ஏறுனா முழங்கால் வலிக்குது.”

“யா அல்லாஹ்! அதையெல்லாம் சொல்லித் தொலைக்காதீங்க அத்தா. எடுத்த வேலைய முடிக்காம எந்திரிக்க மாட்டேன், அதான் என் பலவீனம்னு சொல்லுங்க.”

“அது எப்படிம்மா பலவீனமாவும்?”

“ஆவும். சொல்லுங்க.”

சொன்னார். அதுவரை சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் போனது. ஏழாவது கேள்வியில்தான் இரண்டு பேரும் நின்றார்கள். கடைசியாக இருந்த கம்பெனியை விட்டு ஏன் வந்தீர்கள்?

ஏன் வந்தார்? மனைவி நசீராவுக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது என்று தகவல் வந்ததும், ஒப்பந்தம் முடியாமலே விமானம் ஏறி வந்துவிட்டார். இரண்டரை வருஷம், வாரத்துக்கு இரண்டு முறை, காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ்ஸில் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய் வந்தார். போகும்போது அவள் ஜன்னலோரம் உட்காருவாள். திரும்பும்போது அவர் தோளில் சாய்ந்து கிடப்பாள். ஏழு மாசத்துக்கு முன்னால் கண்ணை மூடி மவுத்தாகிவிட்டாள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

அதைக் கேட்டு ஏஜென்சிக்கார ஹாலித் தலையில் அடித்துக்கொண்டான். “பாய், காரியத்தக் கெடுத்துறாதீங்க. போன வருஷம் மூணு பேரு வீட்டுல உடம்பு சரியில்லன்னு வேலையப் பாதியில போட்டுட்டு ஓடியாந்துட்டானுங்க. அதுலேருந்து வீட்டுப் பிரச்சினைன்னு வாயத் தொறந்தாலே பேரை அடிச்சிடுறாங்க. வீட்டம்மா இல்லன்னும் சொல்லிறாதீங்க. வயசுப்பொண்ணத் தனியா விட்டுட்டு வர்றவன் நெலைக்க மாட்டான்னு எழுதிருவாங்க. ஊர்ல சொந்தமா கடை போட்டேன், ஓடல. வீட்டுல எல்லாரும் சுகம். இத மட்டும் சொல்லுங்க.”

கடை போட்டுக் கவிழ்ந்தவனுக்கு வேலை உண்டு, பெண்டாட்டிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவனுக்குக் கிடையாது. நல்ல நியாயம்டா இது!

அந்தப் பதிலையும் ஆலியாதான் நோட்டில் எழுதினாள். பத்து நாள் பாடம் நடந்தது. முதல் நாலு நாள் ‘மனைவி, ஒரு பொண்ணு, எல்லாரும் சுகம்’ என்ற இடம் வந்ததும் அவர் மனைவியை விட்டுவிட்டுப் பொண்ணுக்குத் தாவிவிடுவார். “அத்தா, மறுபடி” என்பாள் அவள், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். பத்தாவது நாள் தங்குதடையில்லாமல் வந்துவிட்டது. அப்படி வந்ததுதான் அவருக்கு ஆறவில்லை. சீ, நானும் ஒரு மனுஷனா என்று அன்றைக்குச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார்.

மத்தியப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் இன்டர்வியூ. மடியில் ஃபைலோடு நாற்பது பேர் காத்துக்கிடந்தார்கள். கம்பெனியிலிருந்து வந்திருந்தவர் பெயர் ரஞ்சித். குத்புதீனைவிடப் பத்து வயது இளையவர், மரியாதையாகத்தான் பேசினார். மெஷின் பற்றிக் கேட்டதற்கெல்லாம் குத்புதீன் படபடவென்று பதில் சொன்னார். ஏன் வந்தீர்கள் என்ற கேள்வி வந்தது. கடைக் கதையும் தப்பாமல் வந்தது.

“வீட்ல யார் யாரு?”

“மனைவி, ஒரு பொண்ணு. எல்லாரும் சுகம் சார்.”

“நல்லது. வீட்லயும் ஒரு வார்த்தை கேட்டுக்கறோம். இப்பல்லாம் எல்லாருக்கும் இப்படித்தான். மேடம் பேரும் நம்பரும் சொல்லுங்க.”

இதை ஹாலித்தும் சொல்லவில்லை, நோட்டிலும் இல்லை. அவர் வாயில் நசீராவின் பேரும் அவள் நம்பரும்தான் வந்தது. அந்தப் போனை இப்போது ஆலியா வைத்திருக்கிறாள். அவளிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. ரஞ்சித் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

“வணக்கம். இங்க குத்புதீன் சாரை இன்டர்வியூ பண்ணிட்டிருக்கோம். நீங்க அவர் மனைவி நசீராதானே?”

போதும், உண்மையைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம் என்று குத்புதீன் நாற்காலியின் கையைப் பிடித்தார்.

“ஆமாங்க. நசீராதான் பேசுறேன்.”

எழப்போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நசீரா இப்படித்தான் கொஞ்சம் இழுத்துப் பேசுவாள். மகளுக்கு அதே குரல் என்பது இத்தனை நாள் அவருக்குத் தெரியாமல் போயிற்றே!

“உடம்பெல்லாம் நல்லா இருக்கீங்களா?”

“அல்ஹம்துலில்லாஹ். எனக்கென்னங்க, நல்லா இருக்கேன்.”

“இவர் வந்தா ரெண்டு வருஷத்துக்கு லீவு கிடையாதும்மா. அவசரம், அது இதுன்னு நடுவுல கூப்பிட்டுற மாட்டீங்களே?”

“மாட்டேங்க. எனக்கே ஒண்ணுன்னாலும் கூப்பிட மாட்டேன். அவங்க வேலையப் பாக்கட்டும்.”

ரஞ்சித் தாளில் டிக் அடித்தார். “கொடுத்துவச்சவர் பாய் நீங்க. இப்படி ஒரு வீட்டம்மா யாருக்கு வாய்க்கும்?” என்று சிரித்துக்கொண்டே காகிதங்களை நீட்டினார். அவர் காட்டிய இடத்திலெல்லாம் குத்புதீன் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்தபோது ஆலியா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

“சரியா சொன்னேனா அத்தா?”

“சரியாத்தான் சொன்னே. எடுத்துக்கிட்டாங்க.” அவரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. “ஆனா அங்க சொன்னதெல்லாம் அங்கயே போவட்டும் புள்ள. உனக்கு ஒண்ணுன்னா நீ என்னைக் கூப்பிடணும். கேட்டியா?”

“கூப்பிட்டா, வருவீங்களா அத்தா?”

இரண்டு வருஷம் முடியாமல் திரும்பி வருவதில்லை என்று ஒப்புக்கொண்ட தாள் சட்டைப் பையில் இருந்தது. அவர் அதை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.