காகிதப்பூக் கொப்பை அறுத்தது

குழாயடியில, குடத்தோட நின்ன அத்தனை பேர் முன்னாடியும் வீட்டுக்கார அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாங்க: "ஏனுங்க, வளர்த்த செடியவா வெட்டுவீங்க? அடுத்த மாசம் வேற ஊடு பார்த்துக்குங்க."

வெட்டினது நானாம்! வாசல் கேட்டுப் பக்கத்துக் காகிதப்பூச் செடியில கொப்பு கொப்பா காஞ்சு தொங்குச்சு. ஒவ்வொண்ணும் அடியில சுத்தி வளையமா, அவ்வளவு நறுவிசா அறுபட்டிருந்துச்சு. நான் பனியன் கம்பெனியில செக்கிங். நூல் வெட்டுற ட்ரிம்மர் கையைவிட்டு இறங்காது. போதாக்குறைக்கு, அந்தச் செடியோட முள்ளு என் சேலையைக் கிழிச்ச அன்னிக்கு, "இதை வெட்டித் தொலைச்சாத்தான் என்ன?"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்தியிருக்கேன்.

எனக்கு வந்த கோவம் இருக்கே! தூத்துக்குடிப் பக்கமிருந்து பொழைக்க வந்தவதான். அதுக்காக யாரு எதைச் சொன்னாலும் தலையாட்டிட்டுப் போகணுமா? காலி பண்ணிட்டுப் போனா, செஞ்சது நான்தான்னு ஆயிரும். போக மாட்டேன்னு முடிவு பண்ணினேன்.

கம்பெனியில துணியில ஓட்டை தெரிஞ்சா, அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிட்டு அது எந்த மெஷின்ல வந்துச்சுன்னு தேடுவோம். அதே மாதிரி செடியில ஒவ்வொரு வெட்டுக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். அந்தம்மா ஜன்னல்ல நின்னு பார்த்தாங்க. நல்லாப் பார்க்கட்டும்னு மெதுவாவே ஒட்டினேன்.

ஞாயித்துக்கிழமை காலையில போய்ப் பார்த்தா, ஸ்டிக்கர் இல்லாத புது வெட்டு ஒண்ணு. ஈரம்கூடக் காயலை. பக்கத்துல பட்டை லேசா நகர்ந்துச்சு. அட, பட்டை இல்லை, வண்டு! விரல்கணு அளவுதான் இருக்கும். சாம்பலும் பழுப்பும் கலந்த முதுகு, தலையில ரெண்டு நீளக் கொம்பு. பனியன் போடுற பாலிபேக்கைக் கவுத்துப் பிடிச்சேன்.

போட்டோ எடுத்து போன்ல ஒரு பூச்சிக் குரூப்ல போட்டேன். ஒருத்தர் சாணி வண்டுன்னாரு. சாணி உருட்டுறதுக்கு இவ்வளவு நீளக் கொம்பு எதுக்குய்யா? வேளாண்மை படிக்கிற ஒரு பொண்ணுதான் முதுகு, கொம்பு, அறுத்த இடம்னு தனித்தனியாப் படம் கேட்டு வாங்கிப் பார்த்துச்சு. "நீளக்கொம்பு வண்டு, அக்கா. கொப்பைச் சுத்தி அறுத்துட்டு, காயுற பக்கம் முட்டை வைக்கும். திராட்சைக் கொடியையும் விடாது."

வண்டு இருந்த பைக்குள்ள ஒரு பச்சைக் கொப்பைப் போட்டு, நேரா குழாயடிக்குக் கொண்டுபோனேன். எல்லாரும் பார்க்கப் பார்க்க, அது வளையம் போட ஆரம்பிச்சிருச்சு. வீட்டுக்கார அம்மா வந்தாங்க. குனிஞ்சு பார்த்தாங்க. முகம் சுருங்கிப் போச்சு.

"சரி உடுங்க, பூச்சிதானுங்களே."

"எப்படிங்க விட? நீங்க சொன்னது இங்கதான். இல்லைன்னு சொல்ல வேண்டியதும் இங்கதான்."

"நீங்க வெட்டலீங்க," வாய்க்குள்ளயே முணுமுணுத்தாங்க.

"கேக்கலைங்க."

தண்ணி நிறைஞ்ச குடத்தைக்கூட யாரும் எடுக்கலை. அந்தம்மா ரெண்டாந்தடவை சொன்னது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு.

இன்னிக்கும் அதே வீட்டுலதான் இருக்கேன். முள்ளு இப்பவும் சேலையை இழுக்குது. இழுக்கட்டும்.