ஊர் வெட்டிய பிறகும் பச்சையாய் நின்ற வயல்

அகதி முகாமில் இருந்த இருபது வருடமும் என் வீட்டுக்காரர் ஒரு நெல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மொட்டைக்கறுப்பன். தமிழ்நாட்டு ரேஷன் அரிசியை வடித்துப் போட்டால் ஒரு வாய் வைத்துவிட்டு, "இதெல்லாம் ஒரு சோறே? எங்கட காணிக்குப் போய் எங்கட நெல்லை விதைச்சுத் தாறன், அப்ப தெரியும் உனக்கு" என்பார். நான் மன்னார்த் தீவுக்காரி, மீன்பிடிக் குடும்பம். வலை தெரியும், வயல் தெரியாது. குழம்பு நன்றாக இருந்தால் எந்தச் சோறும் இறங்கும் எனக்கு. ஆனால் இருபது வருடம் ஒரே கதையைக் கேட்டால் யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கும் வந்தது.

சண்டை முடிந்து, உயிலங்குளத்துப் பக்கம் அவருடைய தகப்பனின் இரண்டு ஏக்கருக்குத் திரும்பினோம். முள்ளுப் பற்றை மண்டிக் கிடந்தது. வெட்டி, எரித்து, வரம்பு கட்டி முடிக்க ஒரு கோடை போனது. நிவாரணம் நிற்கப்போகிறது என்று ஏற்கனவே சொல்லிவிட்டார்கள். அந்த முதல் காலபோகம், மாரி மழைக்கு விதைக்கிறது, விளைந்தால் வருடம் முழுவதும் சொந்தச் சோறு. விளையாவிட்டால் கடை அரிசியும் கூலி வேலையும். நடுவில் வேறொன்றும் இல்லை.

மழைக்கு முன், ஒரே குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற கமக்காரரின் கூட்டம் நடந்தது. எல்லாரும் மூன்றரை மாத நெல் விதைப்பது, ஒன்றாக விதைத்து ஒன்றாக வெட்டுவது என்று முடிவு. இவரும் போய்த் தலையாட்டிவிட்டு வந்தார். மறுநாளே பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், தூரத்து உறவுக்காரரிடம் மொட்டைக்கறுப்பன் விதைநெல் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். முகத்தில் கலியாண மாப்பிள்ளைக் களை.

"கூட்டத்தில வேற நெல்லெண்டல்லோ சொன்னவை?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு என்ன தெரியும்? எங்கட ஐயா இந்த மண்ணில இதைத்தான் போட்டவர்."

ஐயா போட்டார், சரி. ஐயா போட்ட காலத்தில் வாய்க்கால் நெடுக எல்லாருமே இதைப்போல நாள் கூடப் பிடிக்கிற நெல்தான் போட்டார்கள். அது இந்த மனிசனின் மண்டையில் ஏறவேயில்லை. சொந்தமாய் ஒரு போகமும் விதைக்காமலே படகேறிப் போனவருக்குச் சோற்றின் ருசி நினைவிருந்தது. ஊரே சேர்ந்து செய்ததால்தான் அது விளைந்தது என்பது நினைவில்லை.

பயிர் நன்றாகத்தான் வந்தது, அதைச் சொல்லாவிட்டால் பாவம். மார்கழியில் இடுப்பளவு நின்றது. இவர் வரம்பில் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! தை பிறந்து மற்ற வயல்கள் பழுக்கத் தொடங்கின. எங்கள் கதிர் இன்னும் தண்டுக்குள்ளேயே இருந்தது. மாசியில் வெட்டு மெசின் வந்து, வாய்க்கால் நெடுக இருந்த வயல் முழுவதையும் வெட்டிவிட்டுப் போனது. கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் அரிதாள். நடுவில் எங்கள் இரண்டு ஏக்கர் மட்டும் பச்சை.

ஊரில் உள்ள குருவியும் கிளியும் மயிலும் வேறெங்கே போகும்? எல்லா வயலிலும் பிரிந்து தின்றவை இப்போது ஒரே வயலில் வந்து இறங்கின. இருட்டினால் பன்றி. தகரத்தைத் தட்டித் தட்டி இவருடைய கை வீங்கிப்போனது. கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து வாய்க்காலும் வற்றியது. தண்ணீருக்குப் பொறுப்பான பொடியனிடம் ஓடினார்.

"அண்ணை, ஒரு வயலுக்காண்டி குளத்தைத் திறக்கேலுமோ? கோடையில சிறுபோகத்துக்குத் தண்ணி மிச்சம் பிடிக்க வேணுமெல்லோ. கோவிக்காதேங்கோ" என்றான் அவன்.

அவனோடு கோவிக்க வழியில்லாமல் வீட்டுக்கு வந்து என்மேல் எரிந்து விழுந்தார்.

"என்னோட ஏன் பாயிறீங்கள்? நானே குளத்தைப் பூட்டினனான்?" என்று நானும் கத்தினேன்.

அடுத்தது மாடு. விதைப்புத் தொடங்கினால் மாடுகளைக் காட்டோரம் கொண்டுபோய்விடுவார்கள். வெட்டு முடிந்ததும் கொண்டுவந்து தாளில் மேயவிடுவார்கள். அதன் பிறகு எந்த வயலும் தனி ஆளுடையது இல்லை. பக்கத்துக் காணிக்காரர், சண்டையில் மாட்டுப்பட்டி முழுவதையும் இழந்து நாலைந்து பசுவோடு மறுபடி தொடங்கியவர், ஒருநாள் வந்தார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

"தம்பி, உன்ர வயலுக்காக இவ்வளவு நாளும் மாட்டைக் கட்டி வைச்சனான். அதுகளுக்குப் பால் வத்திப் போச்சுது. இனி ஏலாது."

"இன்னும் கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. இந்தா, பழுக்கப் போகுது."

"எது பழுக்கப் போகுது?" என்றபடி அவர் வயலில் இறங்கி, ஒரு கதிர் உருவி, உள்ளங்கையில் கசக்கி ஊதினார். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. எல்லாம் பதர்.

அவர் கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். என் மனிசன் வரம்பில் குந்தியிருந்தார். ஏசுவதற்கு வாய் நிறைய வைத்திருந்தேன். ஏசவில்லை. இரக்கப்பட்டு அல்ல, ஏசினால் அழுதுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. மறுநாள் காலையில் அவரே போய் வேலி முள்ளுக்கம்பியைக் கழற்றிவிட்டார். மத்தியானத்துக்குள் மாடுகள் பாதியைத் தின்று மீதியை மிதித்துவிட்டன.

கொஞ்ச நாள் கழித்து அந்த அண்ணை ஒரு மண்முட்டியில் தயிரோடு வந்தார்.

"உங்கட வயல் மேஞ்ச பிறகு நல்லாக் கறக்குதுகள் தங்கச்சி. பிள்ளையளுக்குக் குடுங்கோ" என்றார். குத்திக் காட்டவில்லை, மனதாரத்தான் சொன்னார். குத்திக் காட்டியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பேன்.

என் வீட்டுக்காரர் கொட்டிலுக்குள்ளிருந்து வெளியே வந்தார்.

"அண்ணை, சிறுபோகத்துக்குக் கூலிக்கு ஆள் தேவையெண்டால் என்னைக் கூப்பிடுங்கோ."

"ஏன், குளத்துத் தண்ணியில உன்ர பங்குக்கு நீ விதைக்கேல்லையே?"

"விதைநெல் இல்லை."

அண்ணை நிலத்தைப் பார்த்தார். "சரி, நாளைக்கு வா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கடையில் அரிசி வாங்கி வந்து உலை வைத்தேன். பிள்ளைகள் தயிரைப் பிசைந்து, நல்லாயிருக்குது அம்மா, நல்லாயிருக்குது என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்கள். எனக்கு அந்த முட்டியைத் தூக்கி முற்றத்தில் போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது. முட்டி அண்ணை வீட்டாருடையது. கழுவி, மறுநாள் காலையில் அங்கே வேலைக்குப் போன இவருடைய கையிலேயே கொடுத்துவிட்டேன்.