பதின்மூன்றரைச் சுற்று

மகளின் வகுப்பை ஐஸில் சறுக்கும் ரிங்குக்குக் கூட்டிப்போன ஒரு நாள், பிள்ளைகளுக்குச் சப்பாத்து நாடா கட்டிவிடப் பெற்றோர் சிலர் வரவேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டிருந்தார்கள். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. இருபது பிள்ளைகளுக்குக் கட்டி முடித்த பிறகு ஆசிரியை எனக்கும் அடியில் கத்தி பூட்டிய ஸ்கேற் ஒரு சோடியைத் தந்து இறங்கச் சொன்னார். அந்த ஒரு மணி நேரமும் ஓரத்துத் தடுப்பைப் பிடித்த கையை நான் எடுக்கவில்லை. மகள் என்னைத் தாண்டித் தாண்டிப் போனாள். மூன்றாம் தரம் தாண்டியபோது அவள் திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, ஒருவருக்கும் சொல்லாமல், பழைய ஸ்கேற் ஒரு சோடி வாங்கிக்கொண்டு நகரசபையின் திறந்தவெளி ரிங்குக்குத் தனியே போனேன். எட்டுத் தரம் விழுந்தேன். அதற்கடுத்த சனியும் போனேன்.

பத்து வருடம் அப்படியே போனது. இடையில் வேகச் சறுக்கல் கிளப் ஒன்றில் சேர்ந்தேன். பகலில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஆறரைக்கே முதல் ஆளுக்கு ஊசி குத்தவேண்டும். மூன்று மணிக்கு வேலை முடிந்தால் வாரத்தில் இரண்டு நாள் நேரே ரிங்குக்கு. டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் கட்டடத்து லிஃப்ற்றில் நான் ஸ்கேற் பையோடு நிற்பதைப் பார்க்கிறவர்கள் மகளின் பையென்றே நினைத்தார்கள். கணவருக்குத் தெரியும், ஏன் போகிறேன் என்பதுதான் பிடிபடவில்லை.

“இந்த வயசில உமக்கு என்னத்துக்கு உந்த விளையாட்டு?” என்று வருடத்துக்கு ஒருமுறையாவது கேட்பார். பதிலுக்குக் காத்திருக்கமாட்டார். ஆனால் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். ஒருநாளும் உள்ளே வந்து பார்த்ததில்லை.

நடுத்தர வயதினருக்கான சர்வதேசப் போட்டி அந்த வருடம் ரொறன்ரோவில் நடந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைக் கிளப் ஆட்கள் வீடுகளில் தங்கவைக்க வேண்டும் என்று கேட்டார்கள். எங்களுக்கு ஒல்லாந்திலிருந்து ஒருத்தி வந்தாள். மாட்டு வைத்தியர், என்னைவிட இரண்டு வயது மூத்தவள், கதவு நிலையில் தலை தட்டுமோ என்று நாங்கள் பயந்த உயரம். மகள் தன் அறையைக் கொடுத்துவிட்டு ஹோலில் படுத்தாள். யாழ்ப்பாணத்தில் உங்கள் ஆட்கள் கட்டிய கோட்டை ஒன்று இருக்கிறது என்று கணவர் சொன்னபோது அவள் உண்மையாகவே வெட்கப்பட்டாள். தனக்கு இதைப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் சொல்லித்தரவில்லை என்றாள். இரண்டு நாளில் இடியப்பத்தைக் கையால் சாப்பிடப் பழகிவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் தகுதிப் போட்டி, இரண்டு ஓட்டங்களாக. பெயர்ப்பட்டியலில் நாங்கள் இருவரும் ஒரே ஓட்டத்தில் இருந்தோம். ஆறு பேர், பதின்மூன்றரைச் சுற்று, முதல் மூவருக்கு ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. இந்த ஓட்டத்தில் தனித்தனிப் பாதை கிடையாது. ஹொக்கி விளையாடும் அதே ஐஸில், கறுப்பு ரப்பர்க் கட்டைகளைச் சுற்றி எல்லோரும் ஒன்றாகத்தான் ஓடவேண்டும். முந்துகிறவர் இடைவெளி பார்த்துப் புகவேண்டும், இடிக்கக்கூடாது.

எட்டாம் சுற்றில் நான் மூன்றாவதாக வந்தேன். நாலாவதாக அவள். அவளுடைய மூச்சு என் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு சுற்று மிச்சம் இருக்கையில், வளைவுக்குள் சரிந்து இடது கையால் ஐஸைத் தொட்ட நேரம், என் இடது காலடியில் கத்தி வழுக்கியது. ஒரு சாண் தூரம் இருக்கும். அடுத்த கணம் உட்பக்கத்தால் அவள் புகுந்தாள். அவள் கை என் இடுப்பில் பட்டது. நான் சுழன்றுபோய் ஓரத்து மெத்தையில் மோதினேன். எழும்பி ஓடி முடித்தேன், கடைசியாக.

சிறிது நேரத்தில் ஒலிபெருக்கி சொன்னது: அவள் செய்தது விதிமீறல், அவள் போட்டியிலிருந்து நீக்கம். விழுத்தப்பட்ட நான் இறுதிப் போட்டியில் ஏழாவது ஆளாக ஓடலாம். கிளப் ஆட்கள் என் முதுகில் தட்டினார்கள். அவள் ஓரத்து வாங்கில் உட்கார்ந்து சப்பாத்து நாடாவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

நடந்தது தெரியாமல் கணவர் காரில் வீதி நெரிசலைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார். மாலைப் பூசைக்குப் போனேன். அங்கேயும் அந்த ஒரு சாண் வழுக்கல்தான் மனதில் நின்றது. அவள் கை படுவதற்கு முன்னமே நான் விழத் தொடங்கிவிட்டேன். அது எனக்கு மட்டும் தெரியும்.

சாப்பாடு முடிந்து கோப்பைகளைக் கழுவும்போது அதை அவளிடம் சொன்னேன். அவள் துடைத்துக்கொண்டிருந்த கோப்பையை வைத்துவிட்டு, நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டாள். நிச்சயமாகத் தெரியும் என்றேன். இதைச் சொல்ல இத்தனை மணி நேரம் எடுத்தாயா என்றாள். கோபம் வந்துவிட்டது அவளுக்கு. இந்த ஓட்டத்துக்காகக் கடல் தாண்டி வந்ததாகவும், ஒரு வருடமாக விடியமுன் எழும்பிப் பழகியதாகவும் சொன்னாள். பிறகு மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மகளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. நான் விலகப்போகிறேன் என்று நினைத்துவிட்டாள். “அம்மா, சீரியஸ்லி, நீங்கள் ஃபைனல் ஓடாட்டில் ஆருக்கு லாபம்? அவவை திருப்பி எடுக்கமாட்டினம்” என்றாள்.

“அது எனக்கும் தெரியும். ஆனா நடுவரிட்டச் சொல்லாமல் ஓடேலாது” என்றேன்.

காலையில் நான் எழும்பியபோது ஒல்லாந்துக்காரி மேசையில் என் ஸ்கேற் இரண்டையும் கவிழ்த்துச் சட்டத்தில் பூட்டி, சாணைக்கல்லோடு இருந்தாள். என்னைக் கண்டதும் இடது கத்தியின் நடுவில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னாள். நகத்தில் தட்டுப்பட்டது, பல் உடைந்த மாதிரி ஒரு சின்னப் பள்ளம். நீ சொன்னது சரி, வழுக்கித்தான் இருக்கும் என்றாள். ஆனால் தன் கை பட்டதும் உண்மை என்றாள். கன்று செத்துப் பிறக்கும்போது முன்னமே செத்ததா, தான் இழுத்ததில் செத்ததா என்று மாட்டுக்காரர் கேட்பார்களாம். சிலநேரம் இரண்டும்தான், அதை அப்படியே சொல்லிவிடுவேன் என்றாள். பள்ளம் மறையும்வரை முக்கால் மணி நேரம் தேய்த்தாள். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். மன்னிப்பு என்ற சொல் எங்கள் இருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

ரிங்குக்குப் போனதும் தலைமை நடுவரைத் தேடிப்போய் நடந்ததைச் சொன்னேன். நரைத்த குட்டை மயிர், கழுத்தில் விசில். இடைமறிக்காமல் கேட்டார். அவள் கை உன் இடுப்பில் பட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன், கையால் தள்ளினால் விதிமீறல், உன் கால் என்ன செய்தது என்பது என் கேள்வி இல்லை என்றார். தீர்ப்பு மாறாது. பிறகு பேனையை எடுத்துக்கொண்டு, ஓடுகிறாயா, பெயரை வெட்டவா என்று கேட்டார்.

என் பெயரை வெட்டினால் அந்த இடம் வெறுமையாகத்தான் கிடக்கும். நேற்று மற்றவர்களுக்குப் பின்னால் பதுங்கி ஓடி மூன்றாவதாக ஒட்டிக்கொள்ளப் பார்த்தேன். இன்றைக்கு அப்படி ஓடக்கூடாது.

“ஓடுகிறேன்” என்றேன்.

ஏழு பேர் கோட்டில் நின்றோம். துவக்குச் சத்தம் கேட்டதும் நான் கடைசியாகத்தான் போனேன். மூன்று சுற்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்து மெதுவாக ஓடினார்கள். நாலாம் சுற்றில் வெளிப்பக்கத்தால் முழுமூச்சாக இழுத்து, ஆறு பேரையும் தாண்டி முன்னுக்கு வந்தேன். முன்னால் ஒருவரும் இல்லாத ஐஸை ஒரு போட்டியில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பத்தாம் சுற்றுவரை விடவில்லை. தொடை எரிந்தது, வாயில் இரும்பு ருசி. ஒவ்வொரு முறை தாண்டும்போதும் தடுப்புக்கு மேலால் அரை உடம்பு நீட்டிக்கொண்டு ஒல்லாந்துக்காரி மிச்சச் சுற்றைக் கத்தினாள். பதினோராம் சுற்றில் இருவர் முந்தினார்கள். பிறகு இன்னும் இருவர். கடைசிச் சுற்று மணி அடித்தபோது ஐந்தாவதாக இருந்தேன். ஆறாவதாக வந்தவள் உட்பக்கம் புகப் பார்த்தாள். வழி விடவில்லை. ஐந்தாவதாகவே கோட்டைத் தாண்டினேன். என் வாழ்நாளில் அந்தத் தூரத்தை அவ்வளவு விரைவாக ஓடியதில்லை.

வெளியே வந்து வாங்கில் விழுந்தபோது அவள்தான் முதலில் வந்தாள். நாலாம் சுற்றில் முன்னுக்குப் போனது முட்டாள்தனம், எட்டு வரைக்கும் பொறுத்திருக்கவேண்டும் என்றாள். தெரியும் என்றேன். அப்படியென்றால் ஏன் போனாய் என்று விடாமல் கேட்டாள். எனக்கு மூச்சு வாங்கியது. அவள் குனிந்து என் நாடாவைக் கழற்றத் தொடங்கினாள்.

மகளும் வந்தாள், அவளுக்குப் பின்னால் கணவர் நின்றார். அன்றைக்குத்தான் முதன்முதலாக உள்ளே வந்திருக்கிறார். கையில் பிடித்திருந்த கோப்பி ஆறிப்போயிருந்தது.

“எத்தினை சுற்று மிச்சம் எண்டு எனக்கு விளங்கேல்லை. அதுதான் கத்தாமல் நிண்டனான்” என்றார். பிறகு, “முன்னுக்கு ஓடினது நீர்தானே?” என்று கேட்டார்.

“ஓம்” என்றேன்.

திங்கட்கிழமை விடிய அவளை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனேன். அடுத்த வருடப் போட்டி அவளுடைய நாட்டில். முதல் ஆளுக்கு ஊசி குத்துவதற்கு முன்னமே லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.